களிமண் ரொட்டி அடுப்புக்கு வெப்பக்காப்புச் சரக்கு: அளந்து சொல்லக் கற்போம்



மளிகை வணிகரான நமக்கு அடுப்புக் கட்டும் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. மைதா, சர்க்கரை, வனஸ்பதி, ஈஸ்ட் ஆகிய சரக்குகளை நம்மிடம் பற்று எழுதி வாங்கிச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் சிறு பேக்கரிக்காரர்கள், டீக்கடையோடு சேர்த்து பன் போடுகிறவர்கள், வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்கும் பெண்கள். கேஸ் சிலிண்டர் விலை கட்டுப்படியாகாமல் இவர்களில் பலர் விறகு அடுப்புக்குத் திரும்புகிறார்கள். கேரளத்தில் போர்மா என்றும், யாழ்ப்பாணத்தில் போறணை என்றும் சொல்லப்படும் கூண்டு அடுப்பைச் சிறிய அளவில் களிமண்ணாலேயே கட்டிக்கொள்கிறார்கள். அப்படிக் கட்டுகிறவர் முதலில் யோசனை கேட்பது, தமக்குக் கடன் கொடுக்கும் கடைக்காரரிடம்தான். "அண்ணாச்சி, மேலே மூட என்ன போடலாம்? எத்தனை மூட்டை வேண்டும்?" என்று நம் கல்லாவுக்கு முன் வந்து நிற்கிறார்.

அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதில் நம் பாக்கிச் சிட்டையிலேயே எதிரொலிக்கும். வெப்பம் நிற்காத அடுப்பு நாள்தோறும் கூடுதல் விறகு தின்னும். விறகுக்குப் போகிற பணம் மைதாப் பாக்கிக்கு வர வேண்டிய பணம். அதே சமயம், தேவைக்கு இரு மடங்கு சரக்கைத் தலையில் கட்டினால் அவர் முதலிலேயே கடனில் அமிழ்ந்து விடுவார். குறையவும் கூடாது, மிகவும் கூடாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் தொழிலின் அடிப்படைப் பாடம். அதை இந்த அடுப்புக்கு எப்படிப் பொருத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

வெப்பத்தைச் சேர்ப்பது வேறு, காப்பது வேறு

களிமண் அடுப்பின் கூண்டு இரண்டு சுவர்களாக இருக்க வேண்டும். உட்சுவர் கெட்டியானது. களிமண் ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்ற கணக்கில் பிசைந்து கட்டுவது. இது வெப்பத்தைக் குடித்துத் தன்னுள் சேர்த்து வைக்கும். நெருப்பை வாரி வெளியே எடுத்த பின் ரொட்டியை வேக வைப்பது இச்சுவரில் சேர்ந்த வெப்பமே. வெளிச்சுவர் இலேசானது. உள்ளே சேர்ந்த வெப்பம் வெளியே ஓடாமல் தடுப்பது இதன் வேலை. இதைத்தான் வெப்பக்காப்பு என்றும், கடைவழக்கில் இன்சுலேஷன் என்றும் சொல்கிறோம்.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே பல அடுப்புகள் கெடுவதற்குக் காரணம். சில மேஸ்திரிகள் கூண்டைச் சுற்றிலும் தளத்துக்கு அடியிலும் மணல், கல் உப்பு, உடைந்த கண்ணாடி என்று கொட்டி நிரப்பச் சொல்வார்கள். நம்மிடமும் உப்பு மூட்டை கேட்டு வருவார்கள். மணலும் உப்பும் வெப்பத்தைச் சேர்க்கும் பொருள்கள். வெப்பத்தைத் தடுப்பதில் அவை மந்தம். அடியில் ஒரு சாண் மணல் போட்டால், அந்த மணல் முழுவதையும் சூடாக்கிய பிறகுதான் தளம் நிலையான சூட்டுக்கு வரும். தினமும் பல ஈடு சுடும் பெரிய பேக்கரி அடுப்பு ஆறுவதே இல்லையாதலால் அங்கே அது பொருந்தும். இரண்டு மூன்று ஈடு மட்டும் சுடும் சிறு அடுப்புக்கு அது வெறும் விறகுச் செலவு.

வெப்பத்தை உண்மையில் தடுப்பது எது? பொருளுக்குள் சிறு சிறு அறைகளாக அடைபட்டு நிற்கும் காற்று. கம்பளிப் போர்வை நம்மைக் காப்பதும் அப்படியே. ஆகவே நல்ல வெப்பக்காப்புப் பொருள் எதுவாயினும் அது இலேசாகவே இருக்கும். கையில் தூக்கிக் கனமாக இருந்தால் அது வெப்பக்காப்புக்கு ஆகாது என்று துணிந்து சொல்லிவிடலாம்.

கிலோவை மறந்து படியை நினையுங்கள்

1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பின் படியையும் மரக்காலையும் விட்டுவிட்டு நாம் கிலோவுக்கு வந்தோம். தானியத்துக்கு அது சரி. வெப்பக்காப்புச் சரக்கை மட்டும் பழையபடி முகந்து அளக்கும் அளவில்தான் கணக்கிட வேண்டும். அடுப்பின் மேல் நிரப்ப வேண்டியது இடமே தவிர எடை அல்ல.

எல்லாக் கடையிலும் இருக்கும் 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் உலர்ந்த மணலை நிரப்பினால் சுமார் 32 கிலோ நிற்கும். நெல் உமியை நிரப்பினால் 2 முதல் 3 கிலோ. பெர்லைட் என்றால் 1 முதல் 3 கிலோ. வெர்மிகுலைட்டும் ஏறக்குறைய அதே அளவு. மரத்தூள் சுமார் 4 கிலோ. இந்த வாளியே நமக்குத் தரச் சோதனையும் ஆகிறது. உமி என்று சொல்லி வந்த மூட்டையிலிருந்து ஒரு வாளி எடுத்து நிறுத்து, 5 கிலோவைத் தாண்டினால் அதில் ஈரமோ மண்ணோ கலந்திருக்கிறது என்று பொருள். அந்த மூட்டையை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

"நூறு கிலோ உமி வேண்டும்" என்று ஒருவர் கேட்டால் அவர் ஆயிரம் லிட்டர் கேட்கிறார். சிறு அடுப்புக்கு அது மூன்று மடங்கு சரக்கு. "இருபது கிலோ போதும்" என்றால் பாதி வேலையில் தீர்ந்து விடும். எடையில் கேட்பவருக்கு இடத்தின் அளவில் பதில் சொல்லப் பழக வேண்டும்.

கணக்குப் போடும் முறை

அரைக்கோள வடிவக் கூண்டுக்கான எளிய கணக்கு இது. பள்ளிக்கூடத்து வாய்பாடும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியவை மூன்று அளவுகள். ஒன்று, அடுப்பின் உள் விட்டம். இரண்டு, கெட்டிச் சுவரின் கனம். மூன்று, போடப்போகும் வெப்பக்காப்பின் கனம். எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் எழுதிக் கொள்ளுங்கள். அங்குலத்தில் சொன்னால் 2.5ஆல் பெருக்கிக் கொண்டால் போதும்.

ஓர் உதாரணம் எடுத்துக் கொள்வோம். உள் விட்டம் 80 செ.மீ. அதாவது நடுவிலிருந்து உட்சுவர் வரை ஆரம் 40. கெட்டிச் சுவர் 10 செ.மீ. ஆகவே அதன் வெளி முகம் 50இல் முடிகிறது. அதன் மேல் வெப்பக்காப்பு 10 செ.மீ. அது 50இல் தொடங்கி 60இல் முடிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவான 55ஐ நடு ஆரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். இனி வாய்பாடு:

நடு ஆரம் × நடு ஆரம் × 6.28 × கனம் ÷ 1000 = லிட்டர்

55 × 55 × 6.28 × 10 ÷ 1000 = 190 லிட்டர்.

இங்கே பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அடுப்பின் உள் அளவான 40ஐ வைத்தே பரப்பைக் கணக்கிட்டுக் கனத்தால் பெருக்கி விடுவார்கள். அப்போது 100 லிட்டர் என்று வரும். உண்மைத் தேவையில் ஏறத்தாழ பாதி! கூண்டு வெளியே போகப் போகப் பெரிதாகிக் கொண்டே போகிறது. வெங்காயத்தின் உள்தோலைவிட வெளித்தோல் பெரிதாக இருப்பது போலத்தான். மேற்படி அடுப்பில் கெட்டிச் சுவரும் வெப்பக்காப்பும் ஒரே 10 செ.மீ. கனம்தான். ஆனால் கெட்டிச் சுவருக்குப் பிடிப்பது 127 லிட்டர், அதற்கு மேலுள்ள வெப்பக்காப்புக்குப் பிடிப்பது 190 லிட்டர். ஒன்றரை மடங்கு. "உள்ளே போட்ட மண் அளவே மேலேயும் போதும்" என்று மேஸ்திரி சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அடுப்பு வாசலுக்காக அளவில் கழிக்க வேண்டாம். வாசல் எடுத்துக்கொள்ளும் இடமும், சிந்திச் சேதாரமாவதும் ஒன்றுக்கொன்று சரியாகி விடும்.

தளத்தை மறக்க வேண்டாம்

பலர் கூண்டை நன்றாக மூடிவிட்டுத் தளத்தை வெறும் மணல் மேல் பரப்பி விடுகிறார்கள். எங்களிடம் வாரம் அரை மூட்டை மைதா எடுக்கும் ஒரு பன் வியாபாரியின் அடுப்பு அப்படித்தான் இருந்தது. முதல் ஈட்டு பன் நன்றாக வரும். இரண்டாவது ஈட்டில் மேல்பக்கம் சிவந்து, அடிப்பக்கம் வெளுத்து மாவாக நிற்கும். மீண்டும் விறகு போட்டுத் தளத்தைச் சூடேற்றினால் கூண்டு அதிகச் சூடேறி மூன்றாவது ஈடு மேலே கருகும். கருகிய பன்னும் வேகாத பன்னும் விலை போகாது. எங்கள் பற்று ஏட்டில் அவருடைய பாக்கி ஏறிக்கொண்டே வந்ததன் காரணம் அந்தத் தளம்தான். செங்கல்லைப் பெயர்த்து மணலை அள்ளி எடுத்துவிட்டு, அடியில் வெப்பக்காப்புப் போட்டு மறுபடி பரப்பிய பிறகு மூன்று ஈடும் ஒரே சீராக வந்தது. கூண்டுக்கு அவர் எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை. பழைய பாக்கியைத் தவணையாகக் கட்டி முடித்து, இன்றும் எங்கள் வாடிக்கையாளராக இருக்கிறார்.

தளத்துக்கான கணக்கு இன்னும் எளிது. கூண்டின் சுவரும் வெப்பக்காப்பும் நிற்கும் இடம் உட்பட முழு வட்டத்துக்கும் போட வேண்டும். ஆகவே வெளி ஆரமான 60ஐ எடுத்துக் கொள்ள வேண்டும்.

வெளி ஆரம் × வெளி ஆரம் × 3.14 × கனம் ÷ 1000 = லிட்டர்

60 × 60 × 3.14 × 10 ÷ 1000 = 113 லிட்டர்.

கூண்டுக்கு 190, தளத்துக்கு 113. ஆக 303 லிட்டர். இது கட்டி முடித்த பின் அடுப்பில் நிற்கும் அளவு. உதிரியாக இருக்கும் சரக்கைக் குழம்பு ஊற்றிப் பிசைந்து தட்டும்போது அமுங்கும். பெர்லைட், வெர்மிகுலைட் என்றால் கால் பங்கு சேர்த்து வாங்க வேண்டும். 303க்குக் கால் பங்கு சேர்த்தால் சுமார் 380 லிட்டர். நம் வாளியில் 19 வாளி. உமி, மரத்தூள் என்றால் இன்னும் சற்று அதிகம் அமுங்கும். மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக் கொள்ளுங்கள்.

எத்தனை கனம் போதும்?

அதிகம் போட்டால் அதிக நன்மைதானே என்று தோன்றும். ஓரளவு வரைதான் அது உண்மை. மேற்சொன்ன அதே அடுப்பில், கூண்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் வருவது இது. 5 செ.மீ. காப்பின் வழியே வெளியேறும் வெப்பத்தை 100 என்று வைத்துக் கொண்டு, உள்ளேயும் வெளியேயும் சூடு ஒரே அளவில் இருப்பதாகக் கொள்ளப்பட்டிருக்கிறது.

5 செ.மீ. கனம்: சரக்கு 87 லிட்டர், வெளியேறும் வெப்பம் 100
10 செ.மீ. கனம்: சரக்கு 190 லிட்டர், வெளியேறும் வெப்பம் 55
15 செ.மீ. கனம்: சரக்கு 311 லிட்டர், வெளியேறும் வெப்பம் 39
20 செ.மீ. கனம்: சரக்கு 452 லிட்டர், வெளியேறும் வெப்பம் 32

5இலிருந்து 10க்குப் போக 103 லிட்டர் சரக்குச் செலவு. அதற்கு 45 பங்கு வெப்பம் மிச்சம். 15இலிருந்து 20க்குப் போக 141 லிட்டர் செலவு. அதற்கு மிச்சமாவது 7 பங்குதான். ஆகவே வாரம் ஓரிரு முறை சுடும் வீட்டு அடுப்புக்கும், தினம் ஒரு வேளை சுடும் சிறு கடைக்கும் 10 செ.மீ. நல்ல அளவு. காலையும் மாலையும் சுடுகிறவர் 15 வரை போகலாம். அதற்கு மேல் விற்பது நமக்கு இலாபம், வாங்குகிறவருக்கு நட்டம். அப்படி விற்ற சரக்கின் இலாபத்தைவிட, அவர் பத்து ஆண்டு நம்மிடம் வாங்கப்போகும் மைதாவின் இலாபம் பெரிது.

சரக்கு வாரியாகக் கணக்கு

1. பெர்லைட் அல்லது வெர்மிகுலைட். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சூடேற்றிப் பொரித்தது. வெர்மிகுலைட் அடுக்கடுக்கான ஒரு கனிமத்தைப் பொரித்தது. இந்தக் கனிமம் நம் திருப்பத்தூர் மாவட்டம் செவ்வாத்தூரில் கிடைக்கிறது. நெல்லைப் பொரித்தால் பொரியாவது போல இரண்டும் சூட்டில் உப்பி இலேசாகின்றன. இவை எரியா, மக்கா. நர்சரிக்காரர்களுக்குச் சரக்கு அனுப்பும் மொத்தக் கடைகளில் கிடைக்கும். பை மேல் எத்தனை லிட்டர் என்று பார்த்து வாங்குங்கள்.

தளத்துக்குச் சரக்கு ஐந்து பங்குக்கு சிமெண்ட் ஒரு பங்கு கலக்க வேண்டும். கூண்டின் எடை முழுதும் அதன் மேல் உட்காருவதால் அங்கே உறுதி தேவை. கூண்டுக்கு மேலே பத்துக்கு ஒன்று போதும். நம் உதாரணத்தில் தளத்துக்கு 141 லிட்டர் சரக்கு, 28 லிட்டர் சிமெண்ட். கூண்டுக்கு 238 லிட்டர் சரக்கு, 24 லிட்டர் சிமெண்ட். ஆக 52 லிட்டர் சிமெண்ட். 50 கிலோ மூட்டையில் சுமார் 35 லிட்டர் இருக்கும். ஆகவே ஒன்றரை மூட்டை. சிமெண்டைக் கூட்டினால் உறுதி கூடும், வெப்பக்காப்புக் குறையும். "இன்னும் ஒரு மூட்டை சேர்த்துப் போடுங்கள்" என்பது இங்கே நல்ல யோசனை அல்ல. கூண்டின் கெட்டிச் சுவருக்குள் மட்டும் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். நெருப்பின் நேர்ச் சூட்டில் அது வலுவிழந்து உதிரும்.

2. நெல் உமியும் களிமண் குழம்பும். காசு குறைந்தவருக்கு இதுவே ஏற்றது. அடுப்புக்கும் சுவர்ப் பூச்சுக்கும் களிமண்ணோடு உமி கலப்பது நம் பாட்டிமார் அறிந்த வேலை. காங்கேயம், தஞ்சைப் பகுதி அரிசி ஆலைகளோடு தொடர்புள்ள நமக்கு உமி கிடைப்பதும் அரிதல்ல. களிமண்ணை நீரில் ஊற வைத்துக் கெட்டி மோர்ப் பதத்தில் கரைத்து, உமியின் மேல் தெளித்துப் பிசைய வேண்டும். ஒவ்வோர் உமியிலும் மண் ஒட்டியிருக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. மண் மிகுந்தால் கனம் கூடிக் காப்பு கெடும். சூடான உட்பக்கத்தை ஒட்டியுள்ள உமி நாளடைவில் கருகும். அதனால் கெடுதல் இல்லை. உமி இருந்த இடம் காற்றுக் குழியாக நிற்கும்.

உமியை அடித்தளத்தில் மட்டும் அப்படியே நம்பக் கூடாது. கருகிய பின் தளம் இறங்க இடமுண்டு. அங்கே காலியான கண்ணாடிப் புட்டிகளைப் படுக்கையாக அடுக்கி, இடையே மரத்தூளும் களிமண்ணும் கலந்து நிரப்பலாம். 650 மில்லிப் புட்டி என்றால் நம் உதாரண வட்டத்துக்கு 45 முதல் 50 பிடிக்கும். புட்டிகள் உலர்ந்திருக்க வேண்டும், மூடி இருக்கக் கூடாது. பழைய பேப்பர் கடையில் குறைந்த விலைக்கு இவை கிடைக்கும். தினமும் சுடும் கடை அடுப்பு என்றால் தளத்துக்கு மட்டுமாவது பெர்லைட் போடச் சொல்லுங்கள்.

கணக்கு: கூண்டுக்கு 190 லிட்டருடன் மூன்றில் ஒரு பங்கு சேர்த்து சுமார் 255 லிட்டர் உமி. எடையில் 25 முதல் 40 கிலோ. நம் வாளியில் 13 வாளி.

3. செராமிக் கம்பளி. தொழிற்சாலைச் சூளைகளுக்குப் பயன்படும் வெள்ளைக் கம்பளி இது. ஒரு சுருளின் நீளம் சுமார் 7.3 மீட்டர், அகலம் 61 செ.மீ., கனம் 25 மி.மீ. என்பது வழக்கமான அளவு. ஆக ஒரு சுருளில் 4.45 சதுர மீட்டர். நம் உதாரணக் கூண்டுக்கு முதல் சுற்று 1.57, அதன் மேல் இரண்டாம் சுற்று 1.73, ஆக 3.3 சதுர மீட்டர். வெட்டுச் சேதாரமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பும் போக, ஒரு சுருள் இரண்டு சுற்றுக்குச் சரியாக இருக்கும். இடம் குறைவாக உள்ள கடைக்கு இது உதவும். உமியை விட விலை மிக அதிகம். இதன் நூல்தூசு நுரையீரலுக்குக் கெடுதல். புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று ஐயப்படும் பொருள்களின் வரிசையில் உலக ஆய்வாளர்கள் இதை வைத்திருக்கிறார்கள். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வெளியே திறந்த இடத்தில் வைத்து வெட்ட வேண்டும். சுற்றியவுடன் மேலே பூச்சுப் பூசி முழுவதும் மூடிவிட வேண்டும். அடுப்பின் உட்புறத்தில் எங்கும் தெரியக் கூடாது. இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் இச்சரக்கை விற்கக் கூடாது.

விற்கக் கூடாதவை

தெர்மோகோல்: வெயிலைத் தடுக்க உதவுவது நெருப்பைத் தடுக்கும் என்று நினைத்துக் கேட்பார்கள். சுமார் 100 டிகிரிச் சூட்டிலேயே இளகிச் சுருங்கிவிடும். எரிந்தால் நச்சுப் புகை.

தென்னை நார்க்கழிவு: கோகோபீட் என்ற பெயரில் பெர்லைட் விற்கும் அதே நர்சரிக் கடையில் இதுவும் இருக்கும். பார்க்க இலேசு, விலையும் குறைவு. ஆனால் உள்ளுக்குள்ளே கனன்று நாள் கணக்கில் புகையும். ஓலைக் கொட்டகை அடியில் இருக்கும் அடுப்புக்கு இது ஆபத்து. மண் கலக்காத வெறும் மரத்தூளும் வெறும் உமியும் அப்படியே.

சாதாரணக் கண்ணாடிக் கம்பளி: இதன் இழைகளை ஒட்டியிருக்கும் பிசின் சுமார் 250 டிகிரிக்கு மேல் கருகிப் புகையும். உணவு சுடும் அடுப்பை ஒட்டி வேண்டாம்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ்: உடைந்த கூரைத் தகடு, பழைய கொதிகலன் கயிறு ஆகியவற்றை இலவசமாகக் கிடைக்கிறதென்று போடுவார்கள். இதன் தூசு புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியானது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்து வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதனால் தொழிலாளர்களும் ஊராரும் பெருமளவில் நுரையீரல் நோய்க்கு ஆளானார்கள். அச்சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. எனவே வெர்மிகுலைட் வாங்கும்போதும் எந்தச் சுரங்கத்துச் சரக்கு என்று தெரியாத பழைய இருப்பைத் தொடாமல், ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று சான்று தரும் விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

ஈரம் என்ற எதிரி

எவ்வளவு சரியாக அளந்து போட்டாலும் ஈரம் இருந்தால் எல்லாம் வீண். காற்று இருக்க வேண்டிய அறைகளில் நீர் புகுந்து விடுகிறது. நீர், அசையாத காற்றை விட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். மேலும், ஒரு லிட்டர் நீரைக் கொதி நிலைக்குக் கொண்டு வரப் பிடிக்கும் வெப்பத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் அதை ஆவியாக்கப் பிடிக்கும். ஈர அடுப்பில் எரியும் விறகு ரொட்டிக்காக எரிவதில்லை, நீருக்காக எரிகிறது.

ஆகவே கட்டியவுடன் பெருநெருப்பு மூட்டக் கூடாது. நிழலில் நன்றாக உலர விட்டு, பிறகு பல நாள்கள் சிறு நெருப்பாக மூட்டி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் கூண்டு வெடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன் மேலே கூரையும், அடிமேடையில் நீர் ஏறாத ஏற்பாடும் வேண்டும். "இன்சுலேஷன் போட்டும் பயனில்லை" என்று யாராவது குறைப்பட்டு வந்தால், சரக்கைக் குறை சொல்வதற்கு முன் கூரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடையில் நாம் செய்ய வேண்டியது

அடுப்புக்குச் சரக்குக் கேட்டு வருகிறவரை உட்கார வைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். உள் விட்டம் எவ்வளவு? கெட்டிச் சுவர் எத்தனை கனம்? வாரத்தில் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை ஈடு? அடுப்புக்கு மேல் கூரை உண்டா? பதில்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மேலே சொன்ன இரண்டு வாய்பாடுகளையும் போட்டு, லிட்டர் கணக்கில் அளவு எழுதிக் கையில் கொடுங்கள். அவர் நம்மிடம் வாங்கினாலும் சரி, வேறிடத்தில் வாங்கினாலும் சரி, அந்தச் சீட்டு நம் கடையின் பெயரைச் சொல்லும்.

கூண்டு சரியான அரைக்கோளமாக இல்லாமல் சற்று உயர்ந்தோ தட்டையாகவோ இருந்தால் அளவு சிறிது மாறும். அதற்காக ஒரு பையைக் கூடுதலாகக் கொடுத்து, பிரிக்காமல் திரும்பி வந்தால் எடுத்துக் கொள்வோம் என்று சொல்லுங்கள். எங்கள் கடையில் இப்படித்தான் செய்கிறோம். திரும்பி வரும் பை இடத்தை அடைக்குமே தவிரக் கெட்டுப் போகிற சரக்கல்ல. பாதி வேலையில் சரக்குத் தீர்ந்து, மேற்பூச்சு மட்டும் பூசி மூடிவிட்ட அடுப்போ எப்போதும் அரைகுறையாகவே நிற்கும்.

கடன் கொடுப்பவருக்கு ஒரு வார்த்தை. பேக்கரிக்காரருக்குப் பற்று வரம்பை உயர்த்துமுன் அவருடைய அடுப்பை ஒரு முறை நேரில் பாருங்கள். நெருப்பு வாரி எடுத்து, வாசலை மூடி ஒரு மணி நேரம் கழித்து, கூண்டின் வெளிப்புறத்தில் எச்சரிக்கையாகப் புறங்கையை வைத்துப் பாருங்கள். இதமாக இருந்தால் அவருடைய வெப்பம் உள்ளே இருக்கிறது. கை வைக்க முடியாமல் சுட்டால் அவருடைய பணம் தெருவில் போய்க் கொண்டிருக்கிறது. அப்போது அவருக்குத் தேவைப்படுவது இன்னொரு மூட்டை மைதாக் கடன் அல்ல. பத்து செ.மீ. கனத்துக்கு வெப்பக்காப்பும், அதை அளந்து சொல்லும் ஒரு வணிகரும்தான்.